விஸ்கிக்கும் கோன்யாக்குக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி: இரண்டுமே ஓக் பீப்பாயில் ஊறியவை, நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் சுவை மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது?

பதில் 1: மூலப்பொருளே வேறுங்க. விஸ்கி தானியத்தில் செய்வது. ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி. கோன்யாக் திராட்சையில் செய்வது. பிரான்ஸின் கோன்யாக் வட்டாரத்தில் பெரும்பாலும் உன்யி பிளாங் திராட்சையிலிருந்து புளிப்பான, ஆல்கஹால் குறைந்த வெள்ளை ஒயின் செய்து, அதைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி வடிப்பார்கள், அந்தப் பழ வாசம்தான் கடைசிவரை நிற்கும்.

பதில் 2: பீப்பாயையும் விட்டுவிடாதீர்கள். பர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்கு உள்பக்கம் கருக்கிய புது ஓக், அதனால் வெனிலா வாசம் தூக்கல். ஸ்காட்ச் குறைந்தது 3 வருடம் ஊற வேண்டும். கோன்யாக்குக்கு 2 போதும், எக்ஸ்ஓ (XO) என்ற அதிகம் ஊறிய கோன்யாக் வகை என்றால், 2018 முதல் குறைந்தது 10 வருடம்.

பதில் 3: புகை வாசம் பிடிக்குமென்றால் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிதான், அங்கே பல ஆலைகளுக்குப் பார்லியைப் பீட் (சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரங்களாலான எரிபொருள்) புகையில் உலர்த்துகிறார்கள். கோன்யாக்கில் அதைத் தேடாதீர்கள்.