போர்வெல் தண்ணில ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் "இல்ல"னு லேப் ரிப்போர்ட், ஆனா கிட்ல ஊதா கலர் வந்துச்சு. எங்க தப்பு பண்ணேன்?

பாலாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி என்விரான்மென்டல் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ஊரு ஆற்காடு பக்கம். ராணிப்பேட்டை சிப்காட்ல 90கள் நடுவுல மூடின குரோமேட் ஆலை பத்தி இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். சோடியம் டைகுரோமேட் பண்ணிட்டு இருந்த இடம், விட்டுட்டுப் போன கழிவு மட்டும் சுமார் 2.27 லட்சம் டன். மழை பெஞ்சா மஞ்சளா தண்ணி கசியும்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளந்தவன் நான், அதனால ப்ராஜெக்ட்டுக்கு வேற எதையும் யோசிக்கவே இல்ல, சுத்துப்பட்டு கிணறு போர்ல குரோமியம் எவ்ளோ இருக்குனு பாக்கலாம்னு இறங்கிட்டேன். குரோமியம் தண்ணில மூணாவது நிலை, ஆறாவது நிலைனு ரெண்டு உருவத்துல இருக்கும், கேன்சர் வரவைக்கிற ஆறாவது நிலையைத்தான் ஹெக்ஸாவேலண்ட்னு சொல்றது.

மொத்தம் 7 இடம். 5 வீட்டு போர், 2 அடிபம்பு. எடுத்த அன்னைக்கே அங்கயே ஃபீல்ட் கிட் (ஹெக்ஸாவேலண்ட் இருந்தா ஊதாவா மாறும்) போட்டுப் பாத்தேன், 3 இடத்துல நல்லா ஊதா கலர் வந்துச்சு. அப்புறம் எல்லா பாட்டில்லயும் நைட்ரிக் ஆசிட் ஊத்தி பிஹெச் 2க்குக் கீழ கொண்டு வந்து வெச்சேன், மெட்டல் சாம்பிள்னா அப்படித்தான்னு கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க. லேப்ல தேதி கிடைக்க 6 நாள் ஆயிடுச்சு. ரிப்போர்ட் வந்தா மூணு இடத்துலயும் டோட்டல் குரோமியம் (ரெண்டு நிலையும் சேத்து) லிமிட்டைத் தாண்டி நிக்குது, ஆனா ஹெக்ஸாவேலண்ட் "கண்டறியும் அளவுக்குக் கீழே"னு போட்டிருக்கு. கைடு கிட் நம்பகமில்ல, லேப் வேல்யூவையே எழுதுங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல, கண்ணால பாத்த கலர் அது.

மண்ணும் எடுத்திருக்கேன், ரோட்டோரம் 5 இடத்துல மண்வெட்டியால மேல் மண்ணு எடுத்து ஒரே பக்கெட்ல கலந்து ஒரு சாம்பிளா ஆக்கி ஓவன்ல காயவெச்சிருக்கேன். இன்னும் லேப்புக்குக் குடுக்கல. அதுலயும் தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க அண்ணா அக்கா, மறுபடி எடுக்கத் தயாரா இருக்கேன்.

சோதனைக்குழாய்

தம்பி, கிட் பொய் சொல்லல, லேப்பும் பொய் சொல்லல. நீங்க குடுத்த பாட்டில்ல அந்த நேரத்துக்கு ஹெக்ஸாவேலண்ட் இல்லாமப் போயிருக்கு. 22 வருஷம் தண்ணி லேப்ல இருந்துட்டு வந்தவ நான், இந்த ஒரே தப்பை எத்தனை பசங்க பண்ணி பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன் பொறுமையாப் படிங்க.

நைட்ரிக் ஆசிட் டோட்டல் குரோமியத்துக்குச் சரி. அதைப் போட்டா மெட்டல் பாட்டில் சுவத்துல ஒட்டாது, 6 மாசம் வரைக்கும் வெச்சுக்கலாம். ஆனா ஹெக்ஸாவேலண்ட்டுக்கு ஆசிட் எமன். ஆறாவது நிலைல இருக்கிற குரோமியம் ஆசிட்ல ரொம்ப வீரியமான ஆக்ஸிடைசர், பக்கத்துல எது கிடைச்சாலும் அதை ஆக்ஸிடைஸ் பண்ணிட்டு தான் மூணாவது நிலைக்கு இறங்கிடும். தண்ணில இருக்கிற கரிமப்பொருள், இரும்பு, சாக்கடை கலந்திருந்தா சல்ஃபைடு, எல்லாமே அதுக்குத் தீனி. நீங்க ஃபில்டர் பண்ணலனு நினைக்கிறேன், பண்ணியிருந்தா எழுதியிருப்பீங்க. கலங்கல் தண்ணில ஆசிட் ஊத்தினா அந்த வண்டல்ல இருக்கிற ஃபெரஸ் இரும்பு கரைஞ்சு வெளிய வரும், அது குரோமேட்டை நேரா ஒடைக்கும். 6 நாள் தாராளம். டோட்டல் அப்படியே இருக்கு பாருங்க, குரோமியம் எங்கயும் போகல, உருவம்தான் மாறிடுச்சு.

கிட்லயும் ஆசிட் இருக்கே அப்ப அதுல மட்டும் எப்படி வந்துச்சுனு அடுத்து கேப்பீங்க. கிட்ல இருக்கிற டைஃபினைல்கார்பசைடுங்கிற கெமிக்கல் ஹெக்ஸாவேலண்ட்டோட சேந்து ஆசிட்லதான் ஊதாவா மாறும், உண்மைதான், ஆனா அது சில நிமிஷத்துல முடிஞ்சு போற வேலை. லேப்ல 540 நானோமீட்டர்ல படிக்கிறதும் அதே கலரைத்தான்.

சரியான முறை இதுதான். கிணத்தடியிலயே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுங்க, ஆசிட் போடாதீங்க, ஐஸ்ல வைங்க, 24 மணி நேரத்துக்குள்ள லேப்ல டெஸ்ட் முடியணும், போய்ச் சேந்தா மட்டும் பத்தாது. அது முடியாதுன்னா வடிகட்டின தண்ணில அமோனியம் சல்ஃபேட் பஃபர் போட்டு பிஹெச்சை 9.3ல இருந்து 9.7க்குள்ள நிறுத்திக்கோங்க, 28 நாள் தாங்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பாட்டில், ஒண்ணு ஆசிட் போட்டு டோட்டலுக்கு, இன்னொண்ணு இப்படி ஹெக்ஸாவுக்கு. ஒரே பாட்டில்ல ரெண்டும் நடக்கவே நடக்காது.

லேப்ல ஒண்ணு மட்டும் தவறாம கேட்டு வாங்குங்க, மேட்ரிக்ஸ் ஸ்பைக். உங்க சாம்பிள்லயே தெரிஞ்ச அளவு ஹெக்ஸாவேலண்ட்டை அவங்க சேத்து, எவ்ளோ திரும்பக் கிடைக்குதுனு பாப்பாங்க. போட்டது பாதி காணோம்னா அந்தத் தண்ணியே தின்னுதுனு அர்த்தம், அப்ப "இல்ல"ங்கிற ரிசல்ட்டுக்கு மதிப்பே கிடையாது. கைடுகிட்ட சண்டை போடாதீங்க, இதைக் காட்டுங்க போதும்.

மண்ணு பத்தி சாயங்காலம் எழுதறேன். அந்த ஓவன் சாம்பிளை மட்டும் லேப்புக்குக் குடுத்துடாதீங்க.

வேலூர்_வாசகன்

ப்ரோ எதுக்கு இவ்ளோ தலைவலி, அந்தப் பக்கம் பூரா தோல் ஷாப்பு, தண்ணில குரோமியம் இல்லாம எப்படி இருக்கும். டோட்டல் குரோமியம் மட்டும் எழுதிட்டுப் போங்க, குடிதண்ணி லிமிட்டும் டோட்டலுக்குத்தானே இருக்கு, 0.05.

ஆழ்துளை

வாசகன் நண்பா, லிமிட் நீங்க சொன்னதுதான், குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500ல டோட்டல் குரோமியம் 0.05 மி.கி/லி. ஆனா இந்த எடத்துல டோட்டல் மட்டும் எழுதினா கேள்வியே அடிபட்டுப் போயிடும். தோல் பதனிடறதுல போறது பேசிக் குரோமியம் சல்ஃபேட், அது மூணாவது நிலை. சாதாரண பிஹெச்ல அது ஹைட்ராக்சைடா படிஞ்சு வண்டலோட உக்காந்துடும், தூரம் போகாது. குரோமேட் ஆலைக் கழிவுல இருக்கிறது ஆறாவது நிலை, நெகட்டிவ் சார்ஜ் உள்ள அயனி, களிமண்ணும் நெகட்டிவ் சார்ஜ்தான், அதனால மண்ணு அதைப் பிடிச்சு வைக்காது, தண்ணி போற எடத்துக்கெல்லாம் கூடவே போகும். கேன்சர் வரவைக்குதுனு உறுதியாச் சொல்லியிருக்கிறதும் இதைத்தான். ரெண்டையும் பிரிச்சுக் காட்டலேன்னா ஆளாளுக்கு இது அவங்களோடதுனு கையக் காட்டிட்டுப் போயிடுவாங்க.

தம்பி, நான் 11 வருஷமா நிலத்தடி நீர் சாம்பிளிங் வேலைதான் பாக்குறேன். உன் போஸ்ட்ல எனக்கு உறுத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு, போர்ல எவ்ளோ நேரம் மோட்டர் ஓட்டினேன்னு எழுதவே இல்ல. பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி நிலத்தடி நீர் இல்லப்பா, நின்னு நின்னு மாறிப்போன தண்ணி. 6 இன்ச் போர்ல ஒரு மீட்டர் தண்ணிக்கு சுமாரா 18 லிட்டர் நிக்கும். 30 மீட்டர் தண்ணி நிக்குதுன்னா 540 லிட்டர், அதைப் போல மூணு மடங்கு வெளிய விடணும்ங்கறது பழைய கணக்கு. தினம் ஓடுற வீட்டு போருக்கு அவ்ளோ வேணாம், ஆனா மோட்டரைப் போட்டுட்டு பிஹெச், இசி (மின்கடத்தும் திறன்), டெம்பரேச்சர் மூணையும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துட்டே இரு, வரிசையா மூணு தடவை மாறாம நின்னா அப்புறம் எடு. அதுவும் மாடி டேங்க்ல இருந்து வர்ற குழாய்ல பிடிக்கவே கூடாது, மோட்டர்ல இருந்து நேரா வர்ற வாய்ல பிடி.

ரெண்டாவது அந்த அடிபம்பு. உள்ள இருக்கிறது இரும்புக் குழாய். துரு பிடிச்ச குழாய் வழியா வர்ற தண்ணில இரும்பு நிறைய இருக்கும், மேல அக்கா சொன்ன கதைதான், குரோமேட் வழியிலயே ஒடைஞ்சுடும். மூணு வாட்டி அடிச்சுட்டு பாட்டிலை நீட்டினா குழாயோட வரலாறுதான் கிடைக்கும். அடிபம்பு வேணாம்னு சொல்லல, மக்கள் குடிக்கிறது அதுலதான்னா அதை எடுத்துத்தான் ஆகணும், ஆனா நிலத்தடி நீர் எப்படி நகருதுனு சொல்ற கணக்குல அதைச் சேக்காத, தனியாப் போடு.

இன்னும் ஒண்ணு, மேட்டுப் பக்கம் ஒரு கிணறு கண்டிப்பா வேணும். நிலத்தடி நீர் மொத்தத்துல பாலாத்தைப் பாத்துத்தான் இறங்குது, அதனால கழிவுக்கு மேல் திசைல, அதோட சங்காத்தமே இல்லாத ஒரு கிணத்துல எடுத்து வெச்சுக்கோ. அது இல்லாம எத்தனை நம்பர் எழுதினாலும் எதோட ஒப்பிடுவ? பத்து சாம்பிளுக்கு ஒண்ணு டூப்ளிகேட், ஒரு ஃபீல்ட் பிளாங்க், அதாவது டிஸ்டில்ட் வாட்டரை கேன்ல எடுத்துட்டுப் போய் அங்க நின்னு அதே ஃபில்டர்ல வடிகட்டி பாட்டில்ல ஊத்தறது. உன் கையோ ஃபில்டரோ அழுக்கா இருந்தா அதுல தெரிஞ்சுடும்.

சோதனைக்குழாய்

மண்ணு பத்தி. ஆழ்துளை சார் சொன்னதுல எனக்கு ஒத்துவராதது எதுவும் இல்ல, குறிப்பா அடிபம்பு விஷயம், அதை நான் யோசிக்கல.

தம்பி, 105 டிகிரி ஓவன்ல காயவெச்ச மண்ணு ஹெக்ஸாவேலண்ட்டுக்கு ஆகாது. ஈரத்தோட அப்படியே எடுத்து, ஐஸ்ல வெச்சு, ஈரப்பதம் எவ்ளோனு தனியா ஒரு கைப்பிடில பாத்து, அதை வெச்சு உலர்ந்த எடைக்குக் கணக்குப் போடணும். எடுத்ததுல இருந்து 30 நாளைக்குள்ள பிரிச்செடுக்கணும். லேப்ல ஆசிட்ல கரைக்கிறோம்னு சொன்னா வேணாம்னுடுங்க, சோடியம் கார்பனேட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசல்ல 90லருந்து 95 டிகிரில ஒரு மணி நேரம் சூடு பண்ணி எடுக்கிற முறை இருக்கு, அல்கலைன் டைஜெஷன்னு கேளுங்க. இரும்பு மண்வெட்டியும் வேணாம். எவர்சில்வர் கரண்டியும் வேணாம், அதுலயே குரோமியம் இருக்கு. பிளாஸ்டிக் கரண்டி இல்ல மரக்கட்டை போதும்.

5 இடத்தைக் கலந்து ஒண்ணாக்கினது எனக்கு அதை விட வருத்தம். இந்தக் கழிவு சமமாப் பரவியிருக்காது, ஒரு எடத்துல மஞ்சள் பொடி பூத்து நிக்கும், பத்தடி தள்ளி ஒண்ணும் இருக்காது. கலந்தீங்கன்னா அந்த மஞ்சள் எடம் நாலு சுத்தமான எடத்தோட சேந்து மறைஞ்சுடும். தனித்தனியா எடுங்க, அதுலயும் ரெண்டு எடத்துலயாவது மேல 15 சென்டிமீட்டர், அப்புறம் அரை மீட்டர், ஒரு மீட்டர்னு ஆழமா எடுத்துப் பாருங்க. மழைத்தண்ணி அடிச்சுட்டுப் போனதால மேல கம்மியாவும் கீழ ஜாஸ்தியாவும் இருக்க வாய்ப்பு இருக்கு. மண்ணோட பிஹெச்சும் பாருங்க. குரோமேட் கழிவு சுண்ணாம்பு போட்டு வறுத்ததால 11, 12னு காட்டும், அது ஒண்ணே பெரிய அடையாளம்.

கையில நைட்ரைல் க்ளவுஸ், மூக்குல என்95, இது ரெண்டும் இல்லாம அந்த மஞ்சள் பொடி பக்கம் குனியாதீங்க. சின்ன வெட்டுக்காயத்துல பட்டாக்கூட ஆறாத புண்ணு வரும். பழைய குரோமேட் தொழிலாளிங்களுக்கு மூக்கு நடுத்தண்டே ஓட்டை விழுந்தது மருத்துவப் புஸ்தகத்துல இருக்கிற விஷயம். சுவர் ஏறி உள்ள போற யோசனை இருந்தா விட்டுடுங்க, காலேஜ் லெட்டரோட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்ட ஆபீஸ்ல அனுமதி கேளுங்க, கிடைக்கலேன்னா வெளிய இருக்கிற கிணறுகளே உங்க ப்ராஜெக்ட்டுக்குப் போதும்.

காரை_மகள்

நான் அந்தப் பக்கத்துல பொறந்து வளந்தவ, இப்ப கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருக்கேன். டெக்னிக்கலா எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னுதான் லாகின் பண்ணேன்.

எங்க தெருவுல நான் பத்தாவது படிக்கிறப்பலருந்து எத்தனையோ பேர் வந்து தண்ணி பிடிச்சுட்டுப் போயிருக்காங்க. 2006ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட பத்து ஊர் பட்டியல்ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட்ங்கிற அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்புக்காரங்க ராணிப்பேட்டையைப் போட்டப்புறம் கேமராவோடயும் வந்தாங்க. எங்க அம்மா ஒவ்வொருத்தருக்கும் மோர் குடுத்து கிணத்தைக் காட்டுவாங்க. ஒருத்தர் கூட ரிசல்ட்டை திருப்பிக் கொண்டுவந்து குடுக்கல. ஒரே ஒரு தடவை யாரோ ஒரு பேப்பரை பக்கத்து வீட்டுல குடுத்தாங்க, அதுல "இல்லை"னு இருந்துச்சு, அதை நம்பி அவங்க மறுபடியும் அந்தக் கிணத்துத் தண்ணியை சமையலுக்கு எடுத்தாங்க. அந்தப் பேப்பரும் ஆசிட் போட்ட பாட்டில்ல வந்ததானு இன்னைக்கு இதைப் படிக்கிறப்பதான் யோசிக்கிறேன், நெஞ்சு அடைக்குது.

தம்பி, தப்பான "இல்லை"யை யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. அப்புறம் எங்கம்மா தண்ணியை கொதிக்க வெச்சுதான் குடிச்சாங்க, அது உதவியிருக்குமா?

சோதனைக்குழாய்

இல்லம்மா, கொதிக்க வெச்சா கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணி வத்தறதால மிச்சத்துல அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆர்ஓ மெஷின் குறைக்கும், மெம்ப்ரேன் நல்லா இருக்கிற வரைக்கும். அம்மாவை குடிக்கிறதுக்கும் சமைக்கிறதுக்கும் வேற தண்ணி வாங்கச் சொல்லுங்க, கிணத்து டெஸ்ட் சரியா வர்ற வரைக்கும்.

பாலாத்தங்கரை

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா இதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன். ஃபில்டர் பண்ணல அக்கா, நீங்க யூகிச்சது சரி. வண்டல் இருந்த பாட்டில்லதான் ஆசிட் ஊத்தினேன். மோட்டர் ரெண்டு நிமிஷம்கூட ஓடியிருக்காது, ஒரு வீட்டுல டேங்க் குழாய்லதான் பிடிச்சேன்.

கைடுகிட்ட ஸ்பைக் விஷயத்தைக் காட்டினேன், அமைதியாப் படிச்சுட்டு பழைய ஹெக்ஸா வேல்யூ எதையும் எழுத வேணாம், மறுபடி எடுன்னுட்டாரு. இந்த தடவை 5 போர், மேட்டுப் பக்கம் 1, அடிபம்பு 2 தனியா. வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரில ஒரு தடவை, மே மாசம் தண்ணி இறங்கினப்புறம் ஒரு தடவை. லேப் சென்னைல, காலைல 5 மணிக்கு ஆரம்பிச்சா மதியத்துக்குள்ள ஐஸ் பெட்டியோட போயிடலாம், அன்னைக்கே டெஸ்ட் பண்ணித் தர்றதா வாயால சொல்லியிருக்காங்க, எழுதி வாங்கிடறேன். பாதுகாப்புக்கு பஃபர் போட்ட பாட்டில் ஒரு செட்டும் வெச்சுக்கறேன்.

காரை அக்கா, ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க கிணத்து ரிசல்ட்டை தமிழ்ல ஒரு பக்கம் எழுதி நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். உங்க அம்மா வீட்டுக் கிணத்துல இப்பவும் தண்ணி இருக்கா? இருந்தா தனிமெசேஜ்ல சொல்லுங்க, எட்டோட ஒம்போதா அதையும் எடுத்துடறேன்.

ஆழ்துளை

நல்லது தம்பி. ஐஸ் வாங்கறப்ப கட்டி ஐஸா வாங்கு, பொடி ஐஸ் வாலாஜா டோல் தாண்டறதுக்குள்ள தண்ணியாயிடும். லேபிளை பென்சில்ல எழுதி மேல டேப் ஒட்டிடு, மார்க்கர் ஐஸ் தண்ணில அழியும். நான் அந்த வாரம் காட்பாடிலதான் இருப்பேன், இசி மீட்டர் இல்லேன்னா சொல்லு, காலிபரேட் பண்ணி எடுத்துட்டு வரேன்.