நாகேஷைத் திரையில் கண்ட அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

கொட்டகைவாசி:

எங்கள் ஊருக்குச் சினிமா வந்ததே டூரிங் டாக்கீஸ் வழியாகத்தான். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்தால்தான் முன்னால் இருப்பவர்களின் தலையைத் தாண்டித் திரை தெரியும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். 1965இல் வெளியான 'திருவிளையாடல்' எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது படத்துக்குப் பத்து வயது, எனக்கும் ஏறக்குறைய அதே வயது. சிவாஜி கணேசனைச் சிவனாகப் பார்க்கத்தான் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆனால், ஆயிரம் பொற்காசுகளை நினைத்து நினைத்து ஏங்கியபடி கோயில் மண்டபத்தில் தன்னந்தனியாகப் புலம்பும் தருமி வந்த பிறகு, படம் அவர் கைக்குப் போய்விட்டது.

சிவாஜி தூணைப் போல நிமிர்ந்து நிற்கிறார். நாகேஷோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கழுத்து முன்னே நீள்கிறது, தோள் குறுகுகிறது, கேள்வி வாயிலிருந்து வருவதற்கு முன்பே விரல்கள் அதைக் கேட்டுவிடுகின்றன. வறுமைப்பட்ட ஒரு புலவன் கடவுளிடமே பேரம் பேசுகிறான் என்பதை வசனத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் புரிந்துகொள்ளலாம். அந்தக் காட்சி முடிந்த சற்று நேரத்தில் ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். முறுக்கு விற்பவர் தட்டைத் தலையில் வைத்தபடி, தோளைக் குறுக்கி, தருமியைப் போல நடந்து காட்டியே அன்றைய முறுக்கையெல்லாம் விற்றுத் தீர்த்தார். எத்தனையோ நடிகர்களைப் பார்த்துவிட்டேன்; உடம்பாலேயே பேசியவர் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இவர்தான். உங்களில் யாருக்கு அவர் எப்படி அறிமுகமானார் என்பதை எழுதுங்கள்.

சப்ளையர் மகன்:

என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சைவ உணவகத்தில் சப்ளையராக இருந்தவர். சினிமாவில் தம் தொழிலைக் காட்டினாலே முகத்தைச் சுளித்துக்கொள்வார்; தட்டைப் பிடிக்கத் தெரியாதவர்களெல்லாம் சப்ளையராக நடிக்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரமான குறை. அவர் குறை சொல்லாத ஒரே படம் 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தர் எழுத, கிருஷ்ணன் பஞ்சு இயக்கி 1964இல் வந்த அந்தப் படத்தை நான் அவருடன் உட்கார்ந்து பார்த்தபோது, அவர் நாகேஷின் முகத்தைப் பார்க்கவே இல்லை, கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சப்ளையர் நடக்க மாட்டான்டா, சந்து கிடைக்கிற பக்கம் நழுவுவான். இவருக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார். பிறகு எழுந்து போய், மூன்று டவரா டம்ளரை ஒரே கையில் இடுக்கி, விரல்களுக்கு நடுவே எங்கே அழுத்தம் விழ வேண்டும் என்று எனக்குக் காட்டினார். அறுபது வயதைக் கடந்த அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

அம்மை வடு நிறைந்த முகம், ஒல்லியான உடம்பு, கதாநாயகனுக்குரிய எந்த லட்சணமும் இல்லை என்று அக்காலத்தில் எவரும் சொல்லியிருக்கக்கூடிய தோற்றம். அதே தோற்றத்துடன், நடிகனாகத் துடிக்கும் ஓர் உணவகப் பணியாளனாக ஒரு முழுப் படத்தையும் தாங்கினார்.

தி.நகர்க்காரர்:

தியாகராய நகரில் அவர் பெயரிலேயே ஒரு திரையரங்கு இருந்தது. அங்கே நான் பார்த்தவையெல்லாம் பிறர் நடித்த படங்கள் என்பது ஒரு வேடிக்கை. அவரை நான் சந்தித்தது ஞாயிற்றுக்கிழமை மாலையில், தெருவுக்கே பொதுவான ஒரு வீட்டுத் தொலைக்காட்சியில். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்கு அவர் திகில் கதை சொல்லும் காட்சியில், கதவு கிறீச்சிடுவதிலிருந்து எல்லாச் சத்தமும் அவர் வாயிலிருந்தே வருகிறது. அந்தக் காட்சியின் வெற்றியில் சரிபாதி பாலையாவின் பயந்த கண்களுக்குச் சேர வேண்டும். இதை நாகேஷ் ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' பார்த்தபோது, அவரே வில்லனாக வந்து நின்றதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் வந்தாலே சிரித்துப் பழகிய வாய் அன்று பாதியில் நின்றது.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

மேலே எல்லோரும் அவருடைய அசைவைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ரயில்வேயில் எழுத்தராக இருந்த நாளில், நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடங்களே வந்து, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றவர் அவர். ஆகவே அசைவு அவருக்குத் தொடக்கத்திலேயே கைகூடிய கலைதான். எனக்கு அவர் வேறு விதமாக நினைவில் நிற்கிறார்.

1994இல் சக ஆசிரியைகள் நால்வருடன் 'மகளிர் மட்டும்' பார்க்கப் போனேன். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய அந்தப் படத்தில் நாகேஷுக்குப் பிணத்தின் வேடம். தங்கள் அதிகாரி இறந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, மூன்று பெண்கள் மருத்துவமனையிலிருந்து வேறு யாருடைய சடலத்தையோ கடத்திக்கொண்டு போவார்கள். அவர்கள் எப்படிப் பிடித்தாலும் அதற்கேற்பத் தலை சாய்கிறது, கை தொங்குகிறது, ஆனால் தானாக ஓர் அணுவும் அசைவதில்லை. கனத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் அரங்கத்தைச் சிரிக்கவைக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. பின்வரிசையில் ஒரு சிறுவன் தன் தாயிடம், "அந்தத் தாத்தா நெசமாவே செத்துட்டாராம்மா?" என்று கேட்டான். தாய் சிரிப்பை அடக்க முடியாமல் பதில் சொல்லாமலே இருந்தார்.

அதே ஆண்டு வெளியான 'நம்மவர்' படத்தில், மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து ஆண்டு நடிப்புக்குப் பிறகு கிடைத்த விருது என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கொட்டகைவாசி:

ஆசிரியை அவர்களின் பதிவைப் படித்துவிட்டு, நேற்றிரவு 'மகளிர் மட்டும்' படத்தை என் பேத்தியுடன் பார்த்தேன். நாகேஷ் 2009 ஜனவரியில் காலமானபோது அவள் பிறக்கவே இல்லை. அந்தப் பிணக் காட்சியை மூன்று முறை பின்னோக்கி ஓட்டச் சொன்னாள். கண் இமை எங்காவது துடிக்கிறதா என்று திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அகப்படவில்லை.