தனி டிவி வாங்காமல் கம்ப்யூட்டர் மானிட்டரே டிவியாகவும்: பெங்களூர்க்காரர்கள் அனுபவம் சொல்லுங்க

அல்சூர் ஏரிக்கரை:
இடம் மிச்சம், பிளக் மிச்சம், அதெல்லாம் தெரிஞ்சதுதான். உறுத்துவது நியூஸ் சேனலில் கீழே ஓடும் வரி. டிஷ் பாக்ஸை மானிட்டரில் மாட்டினால் மற்றதெல்லாம் சுத்தமாகத் தெரியும்; அந்த வரி மட்டும் விக்கி விக்கி நகரும், எழுத்தின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிரியும். நம்மூர் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 தடவை), பாக்ஸ் அனுப்புவது பெரும்பாலும் 1080ஐ, அதாவது ஒரு படத்தை ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதியாக. அரை அரையாக வரும் அந்தப் படத்தை ஒழுங்காகச் சேர்க்கும் வேலை டிவிக்குப் பழக்கம், பல மானிட்டர்களுக்குக் கிடையாது. பாக்ஸ் செட்டிங்கில் முழுப்படமாக அனுப்பும் 1080பி இருந்தால் அது, இல்லையென்றால் 720பி. வாங்கும் முன் ஸ்பெக்கில் வெர்ட்டிக்கல் ரேஞ்ச் (திரை ஏற்கும் ஹெர்ட்ஸ் அளவு) பாருங்க. 56-இல் தொடங்கினால் 50 ஹெர்ட்ஸுக்கு 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று திரை கறுத்துப் போகலாம்.

பிடிஎம் மாடிவீடு:
ஓடுற வரி இருக்கட்டும், சத்தம்? ஸ்பீக்கர் இல்லாத மானிட்டரில் எச்டிஎம்ஐ வழியே வரும் ஒலி உள்ளேயே நின்றுவிடும். பின்னால் இயர்போன் ஓட்டை இருக்கா என்று தடவிப் பார்த்து வாங்குங்க. இல்லையா, பாக்ஸில் வெள்ளை, சிவப்பு ஏவி ஓட்டை இருந்தால் அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர். பாக்ஸுக்குப் பதில் எச்டிஎம்ஐ ஓட்டையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்றால் ப்ளூடூத். ஸ்டிக்குக்கு மின்சாரத்தை மானிட்டர் யூஎஸ்பியில் எடுக்காதீங்க. சாதாரண போர்ட்டில் 500 மில்லி ஆம்ப்தான். லோகோ வந்து வந்து ரீஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரே நல்லது.

கோரமங்களா கோடர்:
இரண்டு பேருமே தலைகீழாப் போறீங்க. 43 இன்ச் 4கே டிவியை வாங்கி அதை மானிட்டராக்குங்க. பிக்சல் (திரைப் புள்ளி) நெருக்கமானால் எழுத்து கூர்மை, கணக்கு எளிது: 32 இன்ச் 1080பி-யில் ஒரு இன்ச்சுக்கு 69 பிக்சல், 43 இன்ச் 4கே-யில் 102. (32 இன்ச் 'எச்டி ரெடி' டிவியில் வெறும் 49. அதில் எக்செல் திறப்பது கண்ணுக்குச் செய்யும் பாவம்.)

ஆனால் மாட்டியதும் வேலைக்கு ஆகாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பில் சின்னதாகத் தமிழ் போட்டுப் பாருங்க: புள்ளி கரைந்து 'பக்கம்' என்பது 'பககம' ஆகியிருக்கும். நாலு பிக்சலுக்கு ஒரே நிறத்தைப் பங்கு போடும் 4:2:0 என்ற சிக்னல் முறை செய்யும் வேலை. எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டும் 18 ஜிபிபிஎஸ் கேபிளும் வேணும், டிவி மெனுவில் அந்த போர்ட்டுக்கு அல்ட்ரா எச்டி சிக்னலை ஆன் செய்யணும். இன்புட் பெயரை 'பிசி' என்று மாற்றணும், ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் தரும் 4:4:4 பல டிவிகளில் அப்போதுதான் திறக்கும். ஓரம் வெட்டுப்பட்டால், படத்தைச் சற்றுப் பெரிதாக்கும் ஓவர்ஸ்கேன் ஆஃப். ஷார்ப்னஸைக் குறைங்க, எழுத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கோடு போகும். கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஆர்ஜிபி ஃபுல், டிவியிலும் அதே. கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒன்று 0–255 (ஃபுல்), மற்றது 16–235 (லிமிடெட்) என்று எண்ணினால் கறுப்பு சாம்பலாகும், அல்லது இருட்டுக் காட்சி மொத்தமும் மை. பவர் சேவிங் ஆஃப். மவுஸ் தாமதமாக நகர்ந்தால் கேம் மோட்.

எச்.ஏ.எல். அக்கா:
தம்பி, ஒரு கேள்விக்கு ஒன்பது செட்டிங். லேப்டாப் தூங்கினால் மானிட்டர் கூடவே தூங்கும். டிவி 'நோ சிக்னல்' பலகையைத் தூக்கிப் பிடித்து நிற்கும், பிறகு தானாக அணைந்தாலும் எழுப்ப ரிமோட் தேடணும். 43 இன்ச்சை இரண்டடி மேசையில் வைத்தால் டாஸ்க்பார் பார்க்க ஒரு திசை, மேல் மூலை பார்க்க ஒரு திசை என்று கழுத்து திரும்பணும். டைப்-சி 65 வாட் உள்ள ஸ்மார்ட் மானிட்டரில் (டிவி ஆப்கள் உள்ளேயே இருக்கும் மானிட்டர்) ஒரே ஒயரில் படமும் சார்ஜும். குறையும் உண்டு: திரை விஏ பேனல் வகை என்றால் கட்டிலிலிருந்து சாய்வாகப் பார்க்க நிறம் வெளுக்கும்.

பிடிஎம் மாடிவீடு:
அக்கா சொல்வது சரி. இன்னொன்று: எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் யாராவது 'டிவி 32 இன்ச்சுக்கு மேலே போனா 28 சதவீதம் ஜிஎஸ்டி வரி' என்றால் நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18 தான்.

கோரமங்களா கோடர்:
வரி ஒன்றானதும் பெரிய டிவி என்ற என் கட்சிக்குத்தான் சாதகம். சுவரில் ஓட்டை போட்டால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார், அதனால் மேசையில் கவ்வி திரையைத் தாங்கும் ஆர்ம் வாங்குங்க. மானிட்டருக்குப் பெரும்பாலும் 100க்கு 100 மில்லிமீட்டர் வேசா (பின்பக்க ஸ்க்ரூ ஓட்டைகளின் இடைவெளி), எம்4 ஸ்க்ரூ. டிவிக்குப் பெரும்பாலும் 200க்கு 200, தடித்த ஸ்க்ரூ. அடாப்டர் தகடு தனி. ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும், அதைப் படிச்சுட்டு மாட்டுங்க.