330ஐ-யா, 335ஐ-யா? பழைய இ90 வாங்கும் முன் எஞ்சின் பற்றி ஒரு சந்தேகம்

நெடுவழி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக இதே யோசனையில் இருக்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

செகண்ட் ஹேண்டில் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் செடான், இ90 மாடல், வாங்கப் போகிறேன். சின்ன வயதிலிருந்து ஆசை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் ஆட்டோமேட்டிக்.

முதலாவது 2006 மாடல் 330ஐ. டர்போ இல்லாத 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர். 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரண்டு ஓனர். முதல் நாளிலிருந்து எல்லா சர்வீஸ் பில்லும் ஒரு ஃபைலில் இருக்கிறது.

இரண்டாவது 2008 மாடல் 335ஐ, இரட்டை டர்போ. 96,000 கி.மீ.தான். மூன்று ஓனர். கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் பில் இருக்கிறது, அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

335ஐ-யை ஓட்டிப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. கால் வைத்தவுடன் இழுக்கிற அந்த இழுப்பை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் படிக்கப் படிக்கப் பயமாகவும் இருக்கிறது. ஹை பிரஷர் பம்ப், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் என்று பழுதாகும் பாகங்களை வரிசையாகச் சொல்கிறார்கள்.

தினமும் வேலைக்குப் போக 7 கி.மீ., திரும்பி வர 7 கி.மீ. மாதத்துக்கு இரண்டு முறை 400 கி.மீ. நெடுஞ்சாலைப் பயணம். 330ஐ வாங்கினால் கையில் இருக்கும் பணத்தில் கால் பங்கு மிஞ்சும். 335ஐ வாங்கினால் மொத்தமும் கரைந்துவிடும். எதை எடுக்கலாம்?

பதினாறு ஸ்பானர்:

தம்பி, பதிலைக் கேள்விக்குள்ளேயே பாதி எழுதிவிட்டீர்கள். ஆனாலும் காரணத்தோடு சொல்கிறேன். நான் இருபது வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், இந்த இரண்டு எஞ்சினையும் பலமுறை கழற்றியிருக்கிறேன்.

330ஐ-யில் இருப்பது என்52 என்ற எஞ்சின். 258 குதிரைத்திறன், 300 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). 335ஐ-யில் என்54. 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,300 ஆர்பிஎம்மிலேயே முழுசாக வந்துவிடும். அதனால்தான் உங்களுக்கு அந்த இழுப்பு. மேனுவல் கியர் வண்டியில் 100 கி.மீ. வேகத்தைத் தொட 335ஐ-க்கு 5.6 வினாடி, 330ஐ-க்கு 6.3 வினாடி என்று கணக்கு. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மிதித்ததும் கிடைக்கும் உணர்வில்தான் வித்தியாசம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். என்52-வில் பெட்ரோலை இன்டேக் வால்வுக்குப் பின்னால், காற்று வரும் வழியான போர்ட்டிலேயே தெளிக்கிறார்கள். அந்த பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகிறது, அதனால் வால்வில் கரி சேராது. என்54 டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வைக் கழுவ ஒன்றும் இல்லை. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி வால்வின் முதுகில் படிந்து, சூட்டில் கரியாகக் கெட்டிப்படும். அதை எடுக்க மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த எஞ்சினை வைத்திருப்பவர்கள் பழுது என்று நினைக்காமல் டயர் மாற்றுவது மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

ஹை பிரஷர் பம்ப் பற்றி நீங்கள் படித்தது உண்மைதான். அமெரிக்காவில் 2010 அக்டோபரில் அதற்காகவே ரீகால் அறிவித்தார்கள். மாற்றிய புதுப் பம்ப் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இன்ஜெக்டர் பியஸோ வகை, அதாவது மின்சாரம் பட்டதும் விரியும் படிகத்தால் இயங்குவது. பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள், அதனால் எந்தத் திருத்தம் போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாற்றினால் இன்ஜெக்டர் மேல் அச்சிட்ட எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவில் பதிய வேண்டும். ஏனோதானோ என்று மாட்டிவிட்டுப் போக முடியாது.

உங்கள் விஷயத்தில் என் பெரிய கவலை அந்த 7 கி.மீ.தான். கூலன்ட் சூடாகிவிடும், ஆயில் சூடாகாது. ஆயில் முழுச் சூட்டுக்கு வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்கள் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கும். டர்போ பேரிங்குக்கும் அதே ஆயில்தான் போகிறது. என்52-வும் இதை விரும்பாது, ஆனால் பொறுத்துக்கொள்ளும்.

ஆறு சிலிண்டர்:

அண்ணா சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் 335ஐ பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஆறு வருடமாக என்னிடம் என்54 இருக்கிறது. சர்வதேச அளவில் 2007, 2008 இரண்டு வருடமும் தொடர்ந்து ஆண்டின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது சும்மா இல்லை. மலைப்பாதையில் மூன்றாம் கியரிலேயே வைத்து ஏறிவிடலாம். நீண்ட தூரம் போய்விட்டு வந்தால் உடம்பில் அலுப்பே தெரியாது.

ஆனால் நான் வாங்கும்போது எனக்கு முன்னால் ஒரே ஓனர். பம்ப் மாற்றிய பில், இன்ஜெக்டர் மாற்றிய பில், எல்லாம் இருந்தது. வாங்கிய பிறகு அவசரத்துக்கென்று தனியாகப் பணம் வைத்திருந்தேன். நண்பரே, உங்கள் 335ஐ-க்கு மூன்று ஓனர், ஆரம்ப பில் எதுவும் இல்லை, வாங்கிய பிறகு கையில் காசும் இல்லை. இந்த எஞ்சினை எவ்வளவோ நேசிக்கிற நானே இந்த வண்டியை வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. என்54-ஐ ட்யூன் செய்வது மிகவும் சுலபம். சின்னப் பெட்டி ஒன்றை மாட்டினாலே குதிரைத்திறன் ஏறிவிடும். விற்கும்போது கழற்றிவிடுவார்கள். மூன்று ஓனரில் ஒருவராவது அதைச் செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஏர் ஃபில்டர் பெட்டி கம்பெனி பெட்டிதானா, இன்டேக் பைப் கிளாம்புகளில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் கியர்:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. டிக்கி மேல் ஒட்டியிருக்கும் 330ஐ என்ற எழுத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. 2007 வாக்கில் ஐரோப்பாவுக்கான 330ஐ-யில் என்53 என்ற எஞ்சின் வந்துவிட்டது. அது 272 குதிரைத்திறன், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கந்தகம் குறைந்த பெட்ரோலை நம்பி வடிவமைத்தது, நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்கத் தனி கேட்டலிஸ்ட்டும் உண்டு. என்52-வின் எளிமை அதில் இல்லை. நண்பர் பார்த்தது 2006 என்பதால் என்52-வாகத்தான் இருக்கும், ஆனாலும் சேசிஸ் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டர்போதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 2010-க்குப் பிறகு வந்த 335ஐ பார்க்கலாமே? அதில் என்55. இரண்டு டர்போவுக்குப் பதில் ஒரே ட்வின் ஸ்க்ரோல் (புகை உள்ளே வர இரண்டு தனி வழி உள்ள) டர்போ, அதே 306 குதிரைத்திறன். பியஸோவுக்குப் பதில் மின்காந்தத்தால் இயங்கும் சாதாரண சோலினாய்டு இன்ஜெக்டர். கரி சேர்வது இதிலும் உண்டு. 330டி டீசலும் அருமையான எஞ்சின்தான், ஆனால் தினமும் 7 கி.மீ. ஓட்டினால் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். அதை விட்டுவிடுங்கள்.

நெடுவழி:

மூவருக்கும் மிக்க நன்றி. மனம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. இந்த வாரக் கடைசியில் இரண்டு வண்டியையும் மறுபடி போய்ப் பார்க்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும், அண்ணா?

பதினாறு ஸ்பானர்:

முதலில் எஞ்சின் முழுசாக ஆறியிருக்கும்போது போங்கள். காலையில் முதல் வேலையாக. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று. போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். எனக்கே ஒரு முறை நடந்தது. வேறொரு டர்போ செடான், பார்க்கப் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. இப்போதுதான் கழுவக் கொண்டுபோய் வந்தேன் என்றார் விற்றவர். நம்பி வாங்கினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோதுதான் எஞ்சினுக்குள் டைமிங் செயின் சத்தம் கேட்டது.

335ஐ-யில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் உடனே பிடிக்கிறதா, நாலைந்து வினாடி சுற்றிய பிறகு பிடிக்கிறதா என்று கவனியுங்கள். நீளமாகச் சுற்றினால் பம்பையோ இன்ஜெக்டரையோ சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து விடும்போது தகரம் ஆடுவது மாதிரி சத்தம் வந்தால் அது வேஸ்ட்கேட். ஸ்கேனரில் 30எஃப்எஃப் என்று கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், போதவில்லை என்று அர்த்தம்.

330ஐ-யில் ஆறிய எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வரலாம். அது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர். அடிக்கடி குறுகிய தூரமே ஓட்டும் வண்டிகளில் கேட்கும். நன்றாகச் சூடானதும் போய்விட்டால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் நின்றால் யோசியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானது வாட்டர் பம்ப். பெல்ட்டில் சுற்றுவது இல்லை, மின்சாரப் பம்ப். சத்தம் போட்டு முன்னறிவிப்பு கொடுக்காது, ஒரு நாள் நின்றுவிடும். ஒரு லட்சம் கி.மீ. தாண்டிய வண்டியில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் நல்லது.

அப்புறம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், அதாவது ஃபில்டர் கூடு எஞ்சினோடு சேரும் இடத்தில் இருக்கும் சீல். இதை எல்லோரும் சின்ன லீக் என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் கோபமே வரும். அங்கிருந்து ஒழுகும் ஆயில் பெல்ட் மேல் விழுகிறது. பெல்ட் வழுக்கி, கிழிந்து, அந்தத் துண்டு கிராங்க் சீலுக்குள் இழுத்துக்கொண்டு போனால் எஞ்சினையே இறக்க வேண்டி வரும். பத்து நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த மாடலில் ஆயில் டிப்ஸ்டிக் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும், எஞ்சின் சூடான பிறகு. நல்ல ஸ்கேனர் ஒன்று எடுத்துப் போங்கள். கோடு இல்லை என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள், எல்லாம் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடியாமல் இருந்தால் சமீபத்தில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், இல்லை பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

நெடுவழி:

பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

335ஐ: காலை ஏழு மணிக்கு வருகிறேன், ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. ஸ்கேனரில் கோடு எதுவும் இல்லை, ஆனால் நாலு மானிட்டர் முடியாமல் நின்றன. எப்போது அழித்தீர்கள் என்று கேட்டேன், பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரி மேல் தூசி படிந்திருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

330ஐ: எஞ்சின் சில்லென்று இருந்தது. ஒரே அழுத்தில் பிடித்தது. முதல் இரண்டு நிமிடம் டிக் டிக் சத்தம், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு இல்லை. மானிட்டர் எல்லாம் முடிந்திருந்தன. வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் 1,12,000 கி.மீ.யில் மாற்றிய பில் ஃபைலில் இருந்தது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங்குக்குக் கீழே ஈரம் இருக்கிறது, பெல்ட் வரை இன்னும் வரவில்லை. கியர் ஆயில் மாற்றிய பில் மட்டும் எங்குமே இல்லை.

இந்த முறை நெடுஞ்சாலையில் 6,000 ஆர்பிஎம் தாண்டவிட்டு ஓட்டிப் பார்த்தேன். போன முறை நான் அதை 3,000-க்கு மேல் மிதிக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மேலே போகப் போக அந்தச் சத்தம் வேறு மாதிரி ஆகிறது. 335ஐ-யை ஓட்டிய அன்று இருந்த ஏக்கம் இப்போது இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆறு சிலிண்டர்:

வாழ்த்துகள்! அந்த எஞ்சினை மேல் ஆர்பிஎம்மில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பூஸ்ட் வேண்டும் என்று மறுபடி தோன்றினால் சொல்லுங்கள், என் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

பதினாறு ஸ்பானர்:

நல்ல முடிவு தம்பி. வண்டி வந்த முதல் வாரமே அந்த ஹவுசிங் கேஸ்கெட்டையும் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். கேஸ்கெட் ரப்பர்தானே, இத்தனை வருடத்தில் கெட்டியாகிவிடும். அடுத்தது கியர் ஆயில். ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். உங்கள் கியர்பாக்ஸ் இசட்எஃப் கம்பெனி செய்தது என்றால், செய்த கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் ஆயில் பேனோடு சேர்ந்தே வரும், பேனையே மாற்ற வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது வேலைக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு போங்கள், ஆயில் சூடாகட்டும். ஆயிலையும் திரை சொல்லும் வரை காத்திருக்காமல் 8,000 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வேலை செய்யும் மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் பிளாக்கின் வெளிப்பக்கம் மெக்னீசியம். இரும்பு போல்ட் போட்டால் அரித்துவிடும் என்பதால் பல இடங்களில் அலுமினிய போல்ட். கழற்றினால் மறுபடி போடக் கூடாது, புதுசுதான். போல்ட்டைக் குறிப்பிட்ட டார்க்குக்கு முறுக்கி, அதற்கு மேல் கோணக் கணக்கில் முறுக்க வேண்டும். பழைய போல்ட்டையே துடைத்து மாட்டும் ஆளாக இருந்தால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

நெடுவழி:

குறித்துக்கொண்டேன் அண்ணா. கேஸ்கெட், பெல்ட், போல்ட் மூன்றும் இன்றே ஆர்டர் போடுகிறேன்.