புதுப்பிப்பு: பள்ளியில் பறிமுதலான மகளின் போன் திரும்பி வந்துவிட்டது

வகுப்பில் போன் மணி அடித்ததற்காக மகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டு முடிவில்தான் தருவோம் என்று பள்ளியில் சொன்னதாகப் போன வாரம் எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலனளித்தது, "சண்டைக்குப் போகாதீர்கள், எழுதி வைத்த விதியைக் கேளுங்கள்" என்ற யோசனைதான். இரண்டே வரியில் கடிதம் கொடுத்தேன்: எந்த விதி, எத்தனை நாள்? மறுநாளே கூப்பிட்டார்கள். கையேட்டில் முதல் முறைக்கு அன்று மாலையே பெற்றோரிடம் தர வேண்டும் என்றுதான் இருக்கிறது. 'ஆண்டு முடிவு' என்பது வகுப்பாசிரியர் கோபத்தில் சொன்னது. தலைமையாசிரியர் யுனெஸ்கோவின் 2023 அறிக்கையை எடுத்துக் காட்டி, கவனச் சிதறல் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அதில் எனக்கு மறுப்பில்லை. மணி அடித்தது எங்கள் தப்புதான்.

எதிர்பாராத ஒன்று: போனை அணைக்காமலே பீரோவில் வைத்திருக்கிறார்கள். மகள் வைத்த அலாரம், சார்ஜ் தீரும்வரை தினமும் காலை 5 மணிக்கு அங்கே அடித்திருக்கிறது. காவலாளி வேறு என்னைப் பார்த்த பார்வை!

அப்புறம், சிம்மை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்கலாம். அந்த எண்ணுக்குத்தான் வங்கி ஓடிபி வரும். ஒரு வாரம் திண்டாடினோம். போனை ஒப்படைத்தால் தேதியும் திரையின் நிலையும் எழுதிய சீட்டு வாங்குங்கள். நாங்கள் வாங்கவில்லை. ஓரத்தில் இருக்கும் கீறல் பழையதா புதியதா என்று இன்னும் தெரியவில்லை.