சிங்கப்பூரில் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) ஊசி யார் யார் போட வேண்டும்?

யீஷூன் அம்மா:
வீட்டில் 4 மாதக் கைக்குழந்தை, பாலர் பள்ளிக்குப் போகும் 3 வயது மூத்தவள், நான், கணவர். டிசம்பர் முதல் வாரம் கும்பகோணத்திலிருந்து மாமியார் வருகிறார், வயது 67, சர்க்கரையும் உண்டு. போன வாரம் மூத்தவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அவளோ பள்ளிவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் தம்பியின் விரலை வாயில் வைத்துக் கடிக்கிற மாதிரி விளையாடுவாள். தடுக்கவும் மனசு வரவில்லை. வருடம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் ஃப்ளூவுக்கு ஏது சீசன் என்கிறார் கணவர். கர்ப்பமாக இருந்தபோது பிப்ரவரியில் நான் ஊசி போட்டேன், அது போதாதா? சின்னவனுக்கு இப்போது போடலாமா?

மருந்தகத் தாதி:
சின்னவனுக்குப் போட முடியாது. 6 மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை சுற்றி இருப்பவர்கள்தான் அவனுக்கு வேலி. நீங்கள் கர்ப்பத்தில் போட்டது அவனுக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் மாதம் ஆக ஆக அது குறையும். உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, இப்போதே போடுவதா பிப்ரவரிவரை பொறுப்பதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பால் கொடுப்பவர்கள் தாராளமாகப் போடலாம்.

மூத்தவளைத்தான் முதலில் கவனியுங்கள். இதுவரை போட்டதே இல்லை என்றால் 4 வாரம் விட்டு இரண்டு ஊசி. அப்புறம் உடம்பில் பிடிக்க ஏறக்குறைய 2 வாரம். கூட்டிப் பாருங்கள், டிசம்பர் வந்துவிடும். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி, இங்கே வருடம் முழுக்க இருக்கிறது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், மறுபடி மே முதல் ஜூலை வரையிலும் ஏறும். அந்த மாதங்களில் எங்கள் மருந்தகத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது.

மாமியார் ஊரிலேயே, விமானம் ஏறுவதற்கு 2 வாரம் முன்னாடியே போட்டுக்கொண்டு வரட்டும். இங்கே வருகையாளருக்கு முழுக் கட்டணம். ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, அவர்கள் பதிந்த மருந்தகத்தில் இலவசம்.

துவாஸ் தம்பி:
அக்கா, நான் தங்கும் விடுதியில் இருக்கிறேன், ஒரு அறையில் 12 பேர். போன தடவை ஒருத்தன் ராத்திரி எங்களோடு ஒரே சட்டிச் சாம்பாரில் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் படுத்தான், விடிகாலையில் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. அந்த வாரத்துக்குள் 5 பேர். காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒட்டுமாம், மருத்துவர் அப்புறம்தான் சொன்னார். இருமுகிறவனை விட்டு ஒதுங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன், இருமாத அன்றைக்கே வாங்கிக்கொண்டாயிற்று. இன்னொன்று, எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, 2 நாள்தான் கொடுத்தார்கள், மூன்றாம் நாளே மேற்பார்வையாளர் லாரியில் ஏறச் சொல்லிவிட்டார். ஒட்டுவது 5, 7 நாள்கூட இருக்குமாம். முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கோப்பிக்கடை மாமா:
ஊசி போட்ட வருடம்தான் எனக்கு வந்தது. அப்புறம் எதற்கு?

மருந்தகத் தாதி:
வரலாம் மாமா, வராது என்று யாரும் சொல்லவில்லை. வந்தாலும் மருத்துவமனைப் படுக்கைவரை போகாமல் இருக்கத்தான் முக்கியமாகப் போடுவது. கிருமி சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடக்குக்கும் செப்டம்பரில் தெற்குக்கும், எதை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. ஃப்ளூ கிருமியின் பி வகையில் யமகாட்டா என்ற ஒன்று மார்ச் 2020-க்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. அதைக் கழித்துவிட்டதால் ஊசியில் நான்கு ரகமாக இருந்தது இப்போது மூன்று. “ஏன் குறைத்துக் கொடுக்கிறீர்கள்” என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு!

உங்கள் வயதில் திடீரென்று காய்ச்சலும் உடம்பு வலியும் அடித்துப் போட்டால் மிளகு ரசத்தோடு நிறுத்திவிடாதீர்கள். டாமிஃப்ளூ மாதிரி ஃப்ளூ கிருமியை அடக்கும் மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஆன்டிபயாட்டிக் கேட்டு அடம்பிடிக்கவும் வேண்டாம், அது கிருமியில் வேறு ரகத்துக்கு.

யீஷூன் அம்மா, உங்களுக்கே வந்தாலும் பாலை நிறுத்தாதீர்கள், முகக்கவசம் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொடுங்கள். குழந்தை பால் குடிக்காமல் சுணங்கினாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, டயப்பர் நனைவது குறைந்தாலோ இரவு என்று பார்க்காமல் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

யீஷூன் அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மூத்தவளுக்கு வியாழன் 4 மணிக்குப் பதிந்தாயிற்று, கணவரும் கூடவே போட்டுக்கொள்கிறார், வாயைத் திறக்கவில்லை. மாமியார்தான் “என் பேரனைத் தூக்க எனக்கு ஊசியா” என்று போனில் கோபித்துக்கொண்டார், அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டு, நாத்தனாரோடு மருத்துவரிடம் போவதாகச் சொல்லிவிட்டார். வாசலில் நுழைந்ததும் சோப்பு, அப்புறம்தான் தம்பி. கடிக்கிற விளையாட்டை உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவதாக மாற்றியிருக்கிறோம். இன்றைக்குக் கால் கட்டைவிரலைக் கடிக்கலாமா என்று கேட்கிறாள்.