பாடத்துக்கு முன்பே புத்தகம் தீர்ந்துவிடுகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்தாம் வகுப்பு வயது, மகனுக்கு இரண்டாம் வகுப்பு வயது. இருவருக்கும் வீட்டில்தான் பாடம்.

அடுத்த பருவத்துக்கு பாராமகால் (எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்தின் பழைய பெயர்) வரலாறு வைத்திருக்கிறேன். அதியமானும் தகடூரும், திப்பு காலத்துக் கோட்டை, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனது, அப்புறம் கும்பினி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் செய்த நிலவரி ஏற்பாடு. இதற்காக வாங்கி வைக்கும் புத்தகங்களை மகள் வந்த கையோடு முடித்துவிடுகிறாள். பாடம் தொடங்கினால் "இது தெரியும்மா" என்கிறாள். தம்பிக்கும் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், அது தனிக் கொடுமை.

வீட்டுக்காரர் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்கிறார். படிக்கிற பிள்ளையிடம் புத்தகத்தை ஒளிக்க எனக்கு மனசு வரவில்லை. வரலாறு, கதையெல்லாம் முன்பே படித்தால் நஷ்டமில்லை. தெரிந்துகொண்டு கோட்டை ஏறினால் இன்னும் நல்லதுதான். சிக்கல் அறிவியலில். எது மிதக்கும், எது மூழ்கும் என்று அவளே ஊகித்துவிட்டுத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். விடையைப் படித்துவிட்டு வந்தால் ஊகிக்க என்ன மிச்சம்?

சோதனைப் புத்தகங்களை மட்டும் பரணில் ஏற்றிவிட்டு மற்றதையெல்லாம் அலமாரியில் விட்டுவிடலாமா? நூலகத்தில் எடுப்பவர்கள் பாடத்துக்கு எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்கள்? ஒரு பிள்ளை படித்து முடித்த பாடத்தை இன்னொரு பிள்ளையோடு சேர்த்து எப்படி நடத்துகிறீர்கள்? தருமபுரி, ஓசூர் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், புத்தகங்களை மாற்றிக்கொள்ளலாம்.